நாலரை மாதச் சிப்பிப்பாறைக் குட்டிக்குக் கடிக்க எதைக் கொடுப்பது?

ஆனையூர்_வீடு:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். சிட்டு, நாலரை மாதச் சிப்பிப்பாறைப் பெண் குட்டி, 9 கிலோ. மணி, 9 வயது நாட்டு நாய், 18 கிலோ, பின்பற்களில் காரை படிந்து வாய் நாறுகிறது, கெட்டியான எதையும் ஒரு பக்கமாகவே மெல்லுகிறான்.

சிட்டுவுக்குப் பல் விழுந்து முளைக்கிற நேரம் போல. போன வாரம் தரையில் அரிசி மாதிரி ஒரு குட்டிப் பல் கிடந்தது. அதிலிருந்து வீட்டில் எதையும் கீழே வைக்க முடியவில்லை. செருப்பு, கட்டில் கால், மகளுடைய ஜாமெட்ரி பாக்ஸ், அப்பத்தாவின் கைத்தடி, எல்லாவற்றிலும் பல் தடம். சரி, கடிப்பதற்கென்றே ஏதாவது வாங்கிப் போடுவோம் என்று பெட் ஷாப்புக்குப் போனால் அங்கே ஒரு சுவர் முழுக்கத் தொங்குகிறது. இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்ட வெள்ளை எலும்பு, கலர் கலராக முறுக்கிய குச்சி, மாட்டுக் குளம்பு, காளையின் ஆண்குறியைக் காயவைத்துச் செய்யும் புல்லி ஸ்டிக், யாக் பாலில் செய்தது என்று மஞ்சளாகக் கல் மாதிரி ஒன்று, பல் சுத்தம் செய்யும் டென்டல் ஸ்டிக், கறியைப் பட்டையாகக் காயவைத்த ஜெர்க்கி. கடைக்காரர் "எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க, தைரியமா கொடுங்க" என்று முடிச்சு எலும்பு இரண்டும் யாக் குச்சி ஒன்றும் கையில் கொடுத்துவிட்டார். வாங்கி வந்து நாலு நாள் ஆகிறது, கவரைப் பிரிக்கப் பயமாக இருக்கிறது.

வீட்டில் ஆளுக்கு ஒரு வழக்கம். அப்பா காலையில் டீயில் பிஸ்கட்டை நனைத்து இரண்டுக்கும் ஊட்டுவார், நாலைந்து பிஸ்கட் போகும். அம்மா ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு எலும்பைத் தனியாக எடுத்து வைத்துப் போடுவார். எலும்பு தின்னாத நாய் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் கறிக்கடையில் கழித்துப் போடுவதைப் பச்சையாக வாங்கிப் போடு, உடம்பு தேறும் என்கிறார். சிட்டு ஒல்லியாக இருப்பதைப் பார்த்து வருகிறவர்கள் எல்லாம் ஏதாவது ஊட்டிவிட்டுப் போகிறார்கள்.

முக்கியமாக இன்னொன்று. மணி எதைக் கொடுத்தாலும் முன்னங்காலில் பிடித்துக்கொண்டு நிதானமாக நக்கித் தின்பான். சிட்டு மெல்லுகிற ஆளே இல்லை, வாய்க்குள் போனால் ஒரே விழுங்கு. இப்படி இருக்கும்போது இரண்டுக்கும் ஒரே பொருள் சரிப்படுமா? பிஸ்கட்டை நிறுத்தச் சொன்னால் அதற்குப் பதிலாக அப்பா கையில் எதைக் கொடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


திருமங்கலம்_தோட்டம்:

தம்பி, முதல் வேலையாக அந்த முடிச்சு எலும்பைக் கொண்டுபோய்க் கடையில் திருப்பிக் கொடுங்கள். விழுங்குகிற குட்டி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு வரி போதும்.

அதன் பெயர்தான் எலும்பு. உள்ளே எலும்பும் கிடையாது, கறியும் கிடையாது. மாட்டுத் தோலில் முடியை எடுத்துவிட்டு உள் அடுக்கைப் பிரித்து, வெளுக்க வைத்துச் சுருட்டிக் காயப்போட்டது. காய்ந்திருக்கும்போது கட்டையாக இருக்கும், எச்சில் பட்டுக் கொஞ்ச நேரம் ஆனால் ஊறி வழவழவென்று ஆகிவிடும். நாய் அந்த வழவழப்பான நுனியைக் கிழித்து முழுசாக உள்ளே தள்ளிவிடுகிறது. வயிற்றில் அது சீக்கிரம் கரைகிற பொருளும் இல்லை, ஊறி இன்னும் பெருக்கிறது.

என் தோட்டத்தில் கன்னி இன வேட்டை நாய் ஒன்று இருக்கிறது, மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது. என் தங்கை மகன் ஊரிலிருந்து வரும்போது ஆசையாக வாங்கி வந்தான். ஒரு மணி நேரம் கடித்தது, நாங்கள் கிணற்றடியில் வேலையாக இருந்தோம், திரும்பி வந்து பார்த்தால் எலும்பு இல்லை. தின்று முடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். மறுநாள் காலையில் வாந்தி. வெறும் தண்ணீர் குடித்தாலும் வெளியே வருகிறது. வெளிக்குப் போகவில்லை. முன்னங்கால் இரண்டையும் நீட்டி நெஞ்சைத் தரையில் அமர்த்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஒரு மாதிரி நின்றது. வெயிலுக்கு அப்படி நிற்கிறது என்று ஒரு நாள் விட்டுவிட்டேன், வயிற்று வலிக்கு நாய் அப்படி நிற்கும் என்று பிறகுதான் தெரிந்தது. எக்ஸ்ரேயில் தோல் தெளிவாகத் தெரியவில்லை, ஸ்கேன் எடுத்த பிறகுதான் குடலில் அடைத்திருப்பதைப் பார்த்தார்கள். வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். எடுத்த துண்டு என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். பிழைத்துவிட்டது, இப்போதும் என் காலடியில்தான் படுத்திருக்கிறது, ஆனால் அந்த ஐந்து நாள் வீட்டில் யாரும் சரியாகச் சோறு தின்னவில்லை.

ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்பதைவிட, உங்கள் நாய் எப்படித் தின்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வீட்டுக் கிழட்டு நாய் அதே மாதிரி எலும்பைப் பல தடவை நக்கி நக்கியே தீர்த்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. கன்னி ஒரே நாளில் மாட்டிக்கொண்டது. சிப்பிப்பாறையும் வேட்டை நாய், கிடைத்ததைச் சட்டென்று விழுங்குவது பழக்கத்தில் இருக்கும். பக்கத்தில் இன்னொரு நாய் இருந்தால் போட்டிக்கு இன்னும் வேகமாக விழுங்கும். அதனால் சிட்டுவையும் மணியையும் தனித்தனி இடத்தில் வைத்துத்தான் எதையும் கொடுக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.


செல்லூர்_தெரு:

மேலே அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் நான் வேறு மாதிரி பார்த்து வளர்ந்தவன். எங்கள் தெருவில் ஆறு நாய்களுக்குப் பல வருடமாகச் சோறு வைக்கிறோம், டீக்கடைப் பொறையும் கறி எலும்பும்தான் அவற்றுக்கு. ஒன்று 12 வயது வரை இருந்தது. கடைப் பொருளுக்குக் கொட்டுகிற காசுக்குக் கறிக்கடையில் நல்லி எலும்பு வாங்கிப் போட்டால் நாய் சந்தோஷமாக இருக்காதா? எலும்பே கூடாது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் மாற்றிக்கொள்கிறேன்.


உசிலம்பட்டி_கால்நடை:

நான் கால்நடை மருத்துவர். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியோடு வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள், பாதிப் பேர் பிரச்சினை வந்த பிறகு வருகிறார்கள்.

முதலில் எலும்பு. செல்லூர்க்காரர் கேட்டது நியாயமான கேள்வி. தெருவில் எலும்பு தின்று நன்றாக இருக்கும் நாய்கள் நம் கண்ணில் படுகின்றன, தின்று செத்துப்போனவை படுவதில்லை. வெந்த எலும்பு காய்ந்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், கடித்தால் ஊசி ஊசியாகப் பிளக்கும். கோழி எலும்பு இன்னும் மோசம். தொண்டையில் குத்தலாம், குடலைக் கிழிக்கலாம், இல்லாவிட்டால் சுண்ணாம்பு மாதிரி அரைபட்டு மலக்குடலில் இறுகி, நாய் முக்கி முக்கி ரத்தம் வரும். கறிக்குழம்பு எலும்பு என்றால் இதோடு வெங்காயம், பூண்டு, உப்பு, மிளகாய், எண்ணெய் எல்லாம் சேர்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஆட்டுக் கொழுப்பு அதிகமாகப் போனால் கணையம் வீங்கும். அம்மாவிடம் சொல்லுங்கள், அவருடைய பாசம் நிற்க வேண்டாம், எலும்பு நின்றால் போதும். குழம்பு கூட்டுவதற்கு முன்னால் மஞ்சளும் மசாலாவும் இல்லாமல் இரண்டு துண்டு கறியைத் தனியாக வேகவைத்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பங்கு அதுவாக இருக்கட்டும்.

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன பச்சைக் கழிவு வேண்டவே வேண்டாம். ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் சில நேரம் நீர்க்கட்டி இருக்கும். அது ஒரு நாடாப்புழுவின் குட்டிப் பருவம். நாய் அதைப் பச்சையாகத் தின்றால் புழு நாயின் குடலில் வளரும், அதன் முட்டை சாணத்தோடு வெளியே வந்து, நாயைத் தடவிய கை வழியாக நம் வயிற்றுக்குள் போனால் நமக்கு ஈரலில் கட்டி வரும். வீட்டில் மகளும் அப்பத்தாவும் இருக்கிறார்கள். ஈரல் கொடுக்க ஆசைப்பட்டால் நன்றாக வேகவைத்து, வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, விரல் நுனி அளவுத் துண்டுகளாகக் கொடுங்கள். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், தினமும் கொடுத்தால் அதுவே கேடு.

அடுத்தது கெட்டித்தன்மை. குட்டிக்குப் பால்பல் 28, பெரியதானால் 42. சுமார் 4 மாதத்தில் விழ ஆரம்பித்து 6, 7 மாதத்துக்குள் முழுசாக மாறிவிடும். அதுவரைக்கும் கல் மாதிரி எதுவும் கூடாது. குளம்பு, மான் கொம்பு, யாக் குச்சி எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். பெரிய நாய்க்கும் நான் இவற்றைச் சொல்வதில்லை. மேல்தாடையில் பக்கவாட்டில் இருக்கும் பெரிய பல்லால்தான் நாய் கடித்து உடைக்கும், கெட்டியானதை அழுத்திக் கடிக்கும்போது அந்தப் பல்லின் ஒரு பக்கம் சில்லாகப் பெயர்ந்து வந்துவிடும். உள்ளே நரம்பு தெரியும், நாய் வாய் திறந்து அழாது, ஒரு பக்கமாக மெல்லும், அவ்வளவுதான். மணி அப்படி மெல்லுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குக் கவலையாக இருக்கிறது. அவனுக்கு எந்தக் குச்சி வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் வாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

வாங்கும்போது கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சமாவது பள்ளம் விழ வேண்டும். விழவில்லையா, அது பல்லைவிடக் கெட்டி, வைத்துவிடுங்கள். இன்னொன்று அளவு. நாயின் வாய் அகலத்தைவிடத் தெளிவாகப் பெரியதாக இருக்க வேண்டும், கடித்துக் கடித்து இரண்டு இஞ்சுக்கு வந்ததும் வாங்கிவிட வேண்டும். வீட்டில் யாரும் இல்லாதபோது எதையும் போட்டுவிட்டுப் போகக் கூடாது.

பிடுங்கி வாங்காதீர்கள், பதிலுக்கு ஒன்று கொடுத்து வாங்குங்கள். ஒரு துண்டு வெந்த கோழிக்கறியை மூக்குக்கு நேரே காட்டி, அது வாயிலிருப்பதை விட்டதும் "கொடு" என்று சொல்லிக் கறியைக் கொடுங்கள். முடிந்தால் பழைய பொருளையும் திருப்பிக் கொடுங்கள், கொடுத்தால் நஷ்டம் இல்லை என்று அதற்குப் புரியும். இந்த வயதில் பழக்காவிட்டால் ஒரு வருடம் கழித்து அப்பத்தா குனிந்து எடுக்கும்போது உறுமும், கடிக்கவும் செய்யும். குட்டியிலேயே இதைச் செய்த வீடுகளில் பிறகு பிரச்சினை வந்து நான் பார்த்தது குறைவு.

அப்புறம் அளவு. நாள் முழுக்கப் போகிற சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாக இருக்கக் கூடாது. சிட்டு எடைக்கும் வயதுக்கும் நாளுக்கு ஏறக்குறைய 700 கலோரி என்று வைத்துக்கொண்டால் அவள் பங்கு 70. மணிக்கு 850 என்று வைத்தால் 85. ஒரு அவித்த முட்டையே 70-ஐத் தொட்டுவிடும். ஒரு சின்ன மேரி பிஸ்கட் 20-க்கு மேல். அப்பா கொடுக்கிற நாலு பிஸ்கட்டில் அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது, அதுவும் மாவும் சர்க்கரையுமாக. டீயில் காஃபீன் இருக்கிறது, அது நாய்க்கு ஆகவே ஆகாது. 100 கிராம் கேரட்டில் 40 கலோரிதான். புல்லி ஸ்டிக் பற்றி யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. 2013-ல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வில் அது இஞ்சுக்கு 9 முதல் 22 கலோரி வரை இருந்தது. பரிசோதித்த 26 குச்சிகளில் 7-ல் ஈ.கோலை கிருமி இருந்தது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

சிட்டு ஒல்லியாக இருக்கிறாள் என்று ஊட்டுகிறவர்களை நிறுத்துங்கள். சிப்பிப்பாறை அப்படித்தான் இருக்கும். கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரிவதும் வயிறு உள்வாங்கி இருப்பதும் அந்த இனத்தின் உடல்வாகு. அதைக் குண்டாக்கினால் ஓடும்போது மூட்டுத்தான் போகும்.

டென்டல் ஸ்டிக் வாங்கினால் கவரில் வி.ஓ.ஹெச்.சி. (VOHC, கால்நடை வாய்நலக் குழு) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். காரை குறைகிறது என்று சோதனை மூலம் காட்டிய பொருளுக்குத்தான் அது கிடைக்கும். எடைக்கு ஏற்ற அளவை வாங்குங்கள், சின்னதை வாங்கினால் சிட்டு அதையும் விழுங்குவாள். ஏற்கெனவே இறுகிப்போன காரையை எந்தக் குச்சியும் எடுக்காது, மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்துதான் எடுக்க வேண்டும்.


மாடி_வடகம்:

டாக்டர் சார் எழுதியதைப் படித்தேன், ரொம்ப நன்றி. ஆனையூர்த் தம்பி, அப்பா கையில் என்ன கொடுப்பது என்று கேட்டீர்களே, அதற்கு நான் சொல்கிறேன். திருநகரில் எங்கள் மாடியில் ஆறு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்குங்கள், பொங்கல் சமயத்தில் மலிவாகக் கிடைக்கும், மற்ற மாதத்திலும் கிடைக்காமல் போகாது. நன்றாகக் கழுவி, நீளவாக்கில் விரல் கனத்துக்குப் பட்டையாக அரியுங்கள். மெல்லிசாக அரிந்தால் வற்றல் மாதிரி நொறுங்கிவிடும். இட்லிக் கொப்பரையில் பாதி வேகும் அளவுக்கு மட்டும் ஆவி காட்டி எடுங்கள், குழைந்தால் போச்சு. அப்புறம் வடகம் காயவைக்கிற மாதிரி வெள்ளை வேட்டி விரித்து, பட்டைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்பி, மேலே ஒரு மெல்லிய துணியைப் போர்த்திவிடுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலுக்கு இரண்டு நாள், மற்ற நாளில் மூன்று நாள். சாயங்காலம் பனி இறங்குவதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். வளைத்தால் தோல் வார் மாதிரி வளையணும், ஆனால் ஒடியக் கூடாது, அதுதான் பதம். நகம் பதியும், டாக்டர் சொன்ன சோதனையில் தேறிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்த டப்பாவையே கொட்டிவிடுங்கள், புள்ளி இருக்கிற பட்டையை மட்டும் எடுத்துப் போட்டால் போதாது.

கறியைப் பச்சையாக வெயிலில் காயவைக்காதீர்கள், அது கெட்டுப்போகும். கோழி நெஞ்சுக்கறியை வேகவைத்து நார் நாராகப் பிய்த்து, அடுப்பில் தோசைக்கல்லைச் சிறுதீயில் வைத்து எண்ணெய் இல்லாமல் வாட்டி எடுத்தால் ஃபிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். சிட்டுவுக்குப் பழக்கிக் கொடுக்க அதுதான் நல்லது. பொட்டுக்கடலை அளவுக்குக் கிள்ளி வைத்துக்கொள்ளுங்கள், உட்கார் என்றால் உட்கார்ந்த அந்த நொடியில் ஒன்று. அப்பா காலையில் டீ குடிக்கும்போது கிண்ணத்தில் இதைத்தான் பக்கத்தில் வையுங்கள். ஊட்டுகிற சந்தோஷம்தானே அவருக்கு வேண்டும், பிஸ்கட்தான் வேண்டும் என்று இல்லையே.

பல் முளைக்கிற ஈறு வலிக்குக் குளிர்ச்சிதான் மருந்து. ஒரு பழைய துண்டைத் தண்ணீரில் நனைத்து முறுக்கி முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்துக் கொடுங்கள், கடிக்கும்போது கூடவே உட்காருங்கள், நூல் பிரிய ஆரம்பித்தால் எடுத்துவிடுங்கள். நடுவில் குழி உள்ள ரப்பர் பொம்மை கிடைக்கும், அதற்குள் புளிக்காத கெட்டித் தயிரையும் மசித்த பூசணியையும் அடைத்து ஃப்ரீசரில் உறைய வைத்தால் விழுங்குகிற நாய்க்கு அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. நக்கித்தான் ஆக வேண்டும், விழுங்க வழியே கிடையாது. எங்கள் வீட்டு நாய் அரை மணி நேரம் அதோடு கிடக்கும், மே மாத மத்தியானத்தில் வேறு எதுவும் அதை அப்படிச் சாந்தப்படுத்தியதில்லை. கேரட்டை விழுங்குகிற நாய்க்குச் சின்ன வட்டமாக நறுக்கிக் கொடுக்காதீர்கள், தொண்டையில் மூடி மாதிரி உட்காரும். முழுக் கேரட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடிக்க விடுங்கள், அல்லது துருவிச் சோற்றில் போடுங்கள்.

கருவாடு கொடுக்கலாமா என்று கேட்பார்கள். வாயில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரித்தால் வேண்டாம். உப்புப் போடாமல் காயவைத்த நெத்திலி கிடைத்தால் ஒன்றிரண்டு கொடுக்கலாம், என் நாய்க்கு உயிர்.


உசிலம்பட்டி_கால்நடை:

அக்கா சொன்ன கிழங்குப் பட்டை நல்ல யோசனை, இரண்டுக்கும் பொருந்தும். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். சர்க்கரைவள்ளியும் கலோரிக் கணக்கில்தான் வரும், காய்ந்த பிறகு எடை குறைந்தாலும் உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்கும். சிட்டுவுக்கு நாளுக்கு ஒரு பட்டை போதும்.

நம் ஊரில் நான் அடிக்கடி பார்க்கிற ஆபத்து கடைப் பொருளால் மட்டும் வருவதில்லை. மாங்காய் சீசனில் மாங்கொட்டை, திருவிழாக் கூட்டத்தில் தின்று போட்ட மக்காச்சோளத் தக்கை, பொங்கலுக்குக் கரும்புச் சக்கை. மூன்றும் குடலில் அடைத்துக்கொள்ளும், தக்கையும் கொட்டையும் அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். பாயசத்தில் போடும் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எத்தனை தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது. சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், கொஞ்சம் போனாலும் ரத்தச் சர்க்கரை சரிந்து நாய் சாயும். கடலை வெண்ணெய் வாங்கினால் அது சேர்ந்திருக்கிறதா என்று கவரைப் படியுங்கள். மாட்டுக்கு வைத்திருக்கும் கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தால் நாய் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், அந்தப் பூஞ்சை நஞ்சு ஈரலைத் தாக்கும்.

ஜெர்க்கியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் உங்கள் சுவரில் தொங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். 2007-லிருந்து அமெரிக்காவில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்துக்கு ஜெர்க்கி தின்ற நாய்கள் நோயுற்றதாகப் புகார்கள் வந்தன, பெரும்பாலும் சீனாவில் தயாரான பொருள்கள், சிறுநீரகம் கெட்ட நாய்களும் அதில் உண்டு. பல வருடம் தேடியும் ஒரே காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை. எங்கே தயாரானது, எந்த மாதம் தயாரானது என்று கவரில் இல்லாத எதையும் வாங்காதீர்கள். திறந்த ஜாடியில் போட்டு எடை போட்டு விற்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.


செல்லூர்_தெரு:

டாக்டர், விளக்கத்துக்கு நன்றி. செத்துப்போனவை நம் கண்ணில் படுவதில்லை என்று எழுதியது மனதில் தைத்துவிட்டது. எங்கள் தெருவில் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாய் மூன்று நாள் எதையும் தின்னாமல் படுத்துக் கிடந்து செத்தது, விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரே பேசியது. எலும்பாகவும் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. தெரு நாய்க்கு என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள், ஆறு நாய்க்குக் கிழங்கு காயவைக்க என்னால் முடியாது.


உசிலம்பட்டி_கால்நடை:

சோற்றோடு கோழிக் கழுத்து, ஈரல், தோல் நீக்கிய கறி எதுவானாலும் வேகவைத்து, எலும்பை மட்டும் நீக்கிப் பிசைந்து வைத்தால் போதும். குக்கரில் எலும்பு கையில் நசுங்கிப் பொடியாகும்வரை வேகவைத்து மசித்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், நசுங்காத துண்டு ஒன்றுகூட இல்லை என்று கையால் பார்த்துப் போட்டால் சரி. உப்பு, வெங்காயம் வேண்டாம். பொறை விஷம் இல்லை, வயிறு நிறையும், அவ்வளவுதான். நீங்கள் சோறு வைப்பதே பெரிய விஷயம்.


ஆனையூர்_வீடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். முடிச்சு எலும்பைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன், காசாகத் தர முடியாது என்றார்கள், அதற்குப் பதிலாகக் குழி உள்ள ரப்பர் பொம்மை ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே கொஞ்சம் போட்டேன். யாக் குச்சியை நகத்தால் அழுத்திப் பார்த்தேன், நகம்தான் வலித்தது. அதைக் குப்பையில் போட்டேன்.

மணியை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் சார் சந்தேகப்பட்டது சரி. வலது மேல் பக்கப் பெரிய பல் பெயர்ந்திருக்கிறது, உள்ளே சீழ். எவ்வளவு நாளாக வலியோடு தின்றுகொண்டிருந்தானோ தெரியவில்லை, நான் அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வரும் வியாழக்கிழமை மயக்கம் கொடுத்து அந்தப் பல்லை எடுத்து, மற்றதைச் சுத்தம் செய்கிறார்கள். அதுவரைக்கும் தயிர்ச்சோறும் மசித்த கிழங்கும்தான்.

சிட்டு உறைந்த தயிருக்கு அடிமை. பொம்மையை ஃப்ரீசரிலிருந்து எடுக்கிற சத்தம் கேட்டாலே வந்து உட்கார்ந்துவிடுகிறாள், சொல்லவே வேண்டாம். "கொடு" என்றால் பத்துக்கு ஆறு தடவை விடுகிறாள். அப்பா முதல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், இப்போது காலையில் கோழிக்கறியைப் பொட்டுக்கடலை அளவுக்குக் கிள்ளுவது அவர் வேலை, நான் கிள்ளினால் பெரிதாக இருக்கிறது என்கிறார். அம்மா கிழங்கை அரிந்து காயப்போட்டிருக்கிறார். அக்கா, ஒரு சந்தேகம், நேற்று மேகமாக இருந்ததால் சரியாகக் காயவில்லை, நடுவில் இன்னும் ஈரம் தெரிகிறது. இன்றைக்கும் வெயில் வராவிட்டால் என்ன செய்வது?


மாடி_வடகம்:

ஈரத்தோடு இன்னொரு ராத்திரி வைக்காதீர்கள் தம்பி. இன்றைக்கே தோசைக்கல்லில் சிறுதீயில் போட்டுத் திருப்பித் திருப்பி வாட்டி எடுத்துவிடுங்கள், ஓவன் இருந்தால் 90 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம். வாட்டும் முன்னால் ஒவ்வொன்றாக மோந்து பாருங்கள், புளித்த வாடை வந்தால் கொட்டிவிட்டு அடுத்த வாரம் புதுசாகப் போடுங்கள். வியாழக்கிழமை மணிக்கு எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுதுங்கள்.